காலநிலை மாற்றத் தகவமைப்பு: வளரும் நாடுகளுக்கு எவ்வளவு செலவாகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடற்கரையில் மண்கரையை உயர்த்துவதற்கும், வறட்சியைத் தாங்கும் விதையை உருவாக்குவதற்கும், வெப்ப அலை வருகிறது என்று இரண்டு நாள் முன்னதாகவே ஊருக்குச் சொல்வதற்கும் பணம் வேண்டும். எவ்வளவு வேண்டும் என்ற கேள்விக்கு 2006 முதல் வந்திருக்கும் விடைகளில் இந்தப் பக்கம் எடுத்துக்கொள்பவை ஆண்டுக்கு 400 கோடி டாலரில் தொடங்கி ஏறத்தாழ 39,000 கோடி டாலர் வரை பரந்து கிடக்கின்றன. ஒரே கேள்விக்கு இத்தனை விடைகள் எப்படி வந்தன என்பதை விளக்குவதே இந்தப் பக்கத்தின் வேலை. எண்கள் கோடியில் தரப்பட்டுள்ளன: 100 கோடி என்பது ஒரு பில்லியன், ஒரு லட்சம் கோடி என்பது ஒரு டிரில்லியன்.

தகவமைப்புச் செலவு என்றால் என்ன?

மாறிவரும் காலநிலையின் பாதிப்பைக் குறைத்துக்கொள்ள ஒரு நாடோ ஊரோ குடும்பமோ எடுக்கும் நடவடிக்கைகளுக்கு ஆகும் செலவு. திட்டமிடுதல், ஆயத்தம் செய்தல், நடைமுறைப்படுத்துதல் ஆகிய எல்லாவற்றுக்கும் ஆகும் செலவு இதில் அடங்கும். பழைய முறையிலிருந்து புதிய முறைக்கு மாறும் காலத்தில் ஏற்படும் இழப்பும் சேரும். நிலக்கரியை விட்டுச் சூரிய மின்சாரத்துக்கு மாறுவது போன்ற உமிழ்வுக் குறைப்பு இதில் வராது. அது தணிப்பு எனப்படும் வேறு கணக்கு. அதேபோல், எவ்வளவு தகவமைத்தாலும் தடுக்க முடியாமல் நேர்ந்துவிடும் சேதமும் இதில் வராது. அதற்கு எஞ்சும் சேதம் என்று பெயர். காலநிலைப் பாதிப்பின் முழுச்சுமை என்பது தகவமைப்புச் செலவும் எஞ்சும் சேதமும் சேர்ந்த தொகை. செய்திகளில் வரும் எண் பெரும்பாலும் முதல் பாதியை மட்டுமே குறிக்கிறது.

இப்போது பெரிதும் எடுத்தாளப்படும் எண் எது?

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் ஆண்டுதோறும் வெளியிடும் தகவமைப்பு இடைவெளி அறிக்கையின் எண்கள்தான். 2023ஆம் ஆண்டு அறிக்கை இரண்டு எண்களைத் தந்தது. கணினி மாதிரிகளின் வழியே கணக்கிட்டால் இந்தப் பத்தாண்டில் வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 21,500 கோடி டாலர் தேவை. அந்த நாடுகளே தங்கள் திட்ட ஆவணங்களில் குறிப்பிட்ட தேவையை அடிப்படையாகக் கொண்டால் ஆண்டுக்கு 38,700 கோடி டாலர். 2025ஆம் ஆண்டு அறிக்கை 2035ஐ இலக்காகக் கொண்டு இதே இரு வழிகளிலும் கணக்கிட்டு, ஆண்டுக்கு 31,000 கோடி முதல் 36,500 கோடி டாலர் வரை என்று சொல்கிறது. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவான ஐபிசிசி, தன் ஆறாம் மதிப்பீட்டு அறிக்கையில் 2030க்கு ஆண்டுக்கு 12,700 கோடி டாலர், 2050க்கு 29,500 கோடி டாலர் என்ற இடைநிலை மதிப்புகளைக் குறிப்பிட்டது.

முதல் மதிப்பீடுகள் எப்படிப் பிறந்தன?

வியக்கத்தக்க எளிமையுடன். 2006இல் உலக வங்கி ஒரு வழியைக் கையாண்டது. வளரும் நாடுகளுக்குள் வரும் வளர்ச்சி உதவி, அந்நிய நேரடி முதலீடு, உள்நாட்டு முதலீடு ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டது. இவற்றில் எவ்வளவு பங்கு காலநிலையால் பாதிக்கப்படக்கூடியது என்று ஓர் ஊகம் செய்தது: உதவியில் 40 விழுக்காடு, அந்நிய முதலீட்டில் 10, உள்நாட்டு முதலீட்டில் 2 முதல் 10. பாதிக்கப்படக்கூடிய அந்தப் பங்கைக் காலநிலையைத் தாங்கும்படி கட்ட 10 முதல் 20 விழுக்காடு கூடுதலாகும் என்று இன்னோர் ஊகம். இரண்டையும் பெருக்கியபோது ஆண்டுக்கு 900 கோடி முதல் 4,100 கோடி டாலர் என்ற விடை வந்தது. அதே ஆண்டு பொருளியலாளர் நிக்கலஸ் ஸ்டெர்ன் பிரிட்டன் அரசுக்காகத் தயாரித்த ஸ்டெர்ன் அறிக்கை இதே சூத்திரத்தை எடுத்துக்கொண்டு விழுக்காடுகளை மட்டும் மாற்றியது. விடை 400 கோடி முதல் 3,700 கோடி டாலர் என்று ஆனது.

2007இல் தொண்டு நிறுவனமான ஆக்ஸ்ஃபாம் வேறு பாதையில் சென்று, ஊர் அளவில் நடக்கும் திட்டங்களையும் மிகவும் பின்தங்கிய நாடுகள் தந்திருந்த செயல்திட்டங்களையும் பெருக்கிப் பார்த்து, குறைந்தது 5,000 கோடி டாலர் என்றது. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மனித மேம்பாட்டு அறிக்கை வறுமை ஒழிப்புத் திட்டங்களை வலுப்படுத்தும் செலவையும் பேரிடர் மீட்புச் செலவையும் சேர்த்ததால், 2015க்கான எண் 8,600 கோடி முதல் 10,900 கோடி டாலர் வரை ஏறியது.

இரண்டே ஆண்டுகளில் கீழ்எல்லையும் மேல்எல்லையும் 27 மடங்கு விலகி நின்றதற்கு, காலநிலை குறித்த அறிவு அந்த இடைவெளியில் மாறியது காரணமன்று. எதைச் செலவென்று எண்ணுவது என்பதுதான் மாறியது. கூடுதல் செலவு 10 விழுக்காடா 20 விழுக்காடா என்பதற்குக் களத்திலிருந்து கிடைத்த ஆதாரம் அப்போது மிக மெலிதாகவே இருந்தது.

ஒரே கட்டுமானத்துக்கு இரண்டு வல்லுநர்கள் வெவ்வேறு செலவு சொல்ல முடியுமா?

முடியும், இருவருமே சரியாகவும் இருக்க முடியும். ஓடையைக் கடக்கும் ஒரு சாலையின் சிறுபாலத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காகச் சொல்லப்படுபவை. 25 ஆண்டுக்கு ஒருமுறை பெய்யும் பெருமழையைத் தாங்கும்படி அதைக் கட்ட இன்றைய தரவிதிப்படி 100 ரூபாய் ஆகிறது. வருங்கால மழை கடுமையாகும் என்பதால் நீர்வழியை அகலப்படுத்தினால் 115 ரூபாய் ஆகும். முதல் வல்லுநர் சொல்வார்: காலநிலை மாற்றத்தால் வந்த கூடுதல் செலவு 15 ரூபாய்.

இரண்டாமவர் களத்துக்குச் சென்று பார்க்கிறார். அங்கே இருப்பது 70 ரூபாய்க்கு எப்போதோ கட்டப்பட்ட, இன்றைய மழைக்கே மூழ்கிவிடும் பாலம். அதை வருங்காலத் தரத்துக்கு ஈடாக உயர்த்த 45 ரூபாய் வேண்டும் என்கிறார். மூன்றாமவர் பக்கத்து ஊருக்குப் போகிறார்; அங்கே பாலமே இல்லை. மழைக்காலத்தில் மாணவர்கள் இடுப்பளவு நீரில் இறங்கித்தான் கடக்கிறார்கள். அவர் கணக்கில் 115 ரூபாய். நான்காமவர் ஒருவரும் உண்டு. பாலத்தை அப்படியே விட்டுவிட்டு, வெள்ளம் வரும் நாளில் முன்கூட்டியே எச்சரித்துச் சாலையை மூடி, நீர் வடிந்தபின் பழுதுபார்த்துக்கொள்ளலாம், 5 ரூபாய் போதும் என்பார்.

15, 45, 115, 5. நான்கும் கணக்குப் பிழையற்றவை. எதனோடு ஒப்பிட்டு, எவ்வளவு பாதுகாப்பை நோக்கி என்ற இரண்டு முடிவுகளை ஒவ்வொருவரும் வெவ்வேறாக எடுத்திருக்கிறார், அவ்வளவுதான். உலக அளவிலான மதிப்பீடுகளில் காணப்படும் வேறுபாட்டின் பெரும்பகுதி இந்தச் சிறுபாலத்தின் அளவிலேயே அடங்கிவிடுகிறது.

அந்த இரண்டாம், மூன்றாம் வல்லுநர்களின் கணக்கை ஏன் எல்லோரும் ஏற்பதில்லை?

அவர்கள் எண்ணுவதில் ஒரு பகுதி, காலநிலை மாறாவிட்டாலும் தேவைப்பட்டிருக்கும் வளர்ச்சிச் செலவு. இன்றைய காலநிலையையே தாங்க இயலாத நிலைக்குத் தகவமைப்புப் பற்றாக்குறை என்று பெயர். உலக வங்கி முதலான நிறுவனங்கள் இதை வளர்ச்சிக் கணக்கில் எழுதி, காலநிலைக் கணக்கில் கூடுதல் தொகையை மட்டும் சேர்க்க விரும்புகின்றன. கொள்கையளவில் இது தெளிவான பிரிவினைதான். பணம் தரும் நாடுகளுக்கும் இது வசதி: காலநிலை மாற்றத்துக்குப் பொறுப்பேற்கலாம், ஆனால் வறுமைக்கு அந்தக் கணக்கில் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

ஆனால் இதன் விளைவு விசித்திரமானது. 2007இல் ஐ.நா. காலநிலை மாற்ற உடன்படிக்கைச் செயலகம் வெளியிட்ட மதிப்பீடு, 2030இல் வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 2,800 கோடி முதல் 6,700 கோடி டாலர் தேவை என்றது. கட்டமைப்புக்கான செலவை, நடந்துவரும் முதலீட்டின் ஒரு பங்காக அது கணக்கிட்டது. இந்த முறையில், முதலீடே குறைவாக உள்ள ஏழை நாட்டுக்குத் தகவமைப்புத் தேவையும் குறைவு என்றே விடை வரும். இல்லாத பாலத்தின் 15 விழுக்காடு பூஜ்யம்தானே. மார்ட்டின் பாரி தலைமையிலான ஆய்வாளர் குழு 2009இல் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டி, கணக்கில் சேர்க்கப்பட்ட துறைகளிலேயே உண்மைச் செலவு இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்கும் என்றும், விடுபட்ட துறைகளைச் சேர்த்தால் இன்னும் கூடும் என்றும் வாதிட்டது.

என் பார்வையில், பற்றாக்குறையைத் தனியாகக் காட்டுவதில் தவறில்லை. அதைக் காட்டாமலே விடுவதுதான் தவறு. 45 ரூபாயில் 15 மட்டும் கிடைத்தால், பழைய பாலத்தின் மேல் புதிய கைப்பிடி கட்டத்தான் அது உதவும்.

2010ஆம் ஆண்டு உலக வங்கி ஆய்வு ஏன் இத்தனை மேற்கோள் காட்டப்படுகிறது?

விழுக்காட்டை ஊகிப்பதை விட்டுவிட்டு, துறை துறையாக அடிமட்டத்திலிருந்து கணக்கிட்ட முதல் பெரிய முயற்சி அது. நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன் ஆகியவற்றின் நிதியுதவியுடன் நடந்தது. கட்டமைப்பு, கடற்கரை, நீர், வேளாண்மை, மீன்வளம், காடுகள், உடல்நலம், தீவிர வானிலை நிகழ்வுகள் என்று பிரித்தது. வங்கதேசம், பொலிவியா, எத்தியோப்பியா, கானா, மொசாம்பிக், சமோவா, வியட்நாம் ஆகிய ஏழு நாடுகளைத் தனித்தனியே ஆராய்ந்தது. 2050க்குள் உலகம் ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ் வெப்பமடையும் என்று வைத்துக்கொண்டு, 2010 முதல் 2050 வரை ஆண்டுக்கு 7,000 கோடி முதல் 10,000 கோடி டாலர் தேவை என்ற முடிவுக்கு வந்தது. இவை 2005ஆம் ஆண்டு விலையிலான டாலர்கள். இன்றைய விலையில் ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆகும் என்பதைப் பலர் மறந்துவிட்டு, பழைய எண்ணை அப்படியே இன்றைய நிதி ஒதுக்கீட்டுடன் ஒப்பிடுகிறார்கள்.

இந்த ஆய்வில் என்னை மிகவும் நிறுத்தி வைத்த பகுதி, புயல், வெள்ளம், வறட்சி ஆகியவற்றுக்குச் செலவு கணக்கிட்ட விதம். கரைகளின் உயரத்தைக் கொண்டு மட்டும் பேரிடரின் பாதிப்பைக் கணக்கிட முடியாது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். பெண்கள் அதிகம் படித்த நாடுகளில் அதே அளவு பேரிடருக்குக் குறைவான உயிரிழப்பே நேர்கிறது என்பதைத் தரவுகள் காட்டின. எனவே, கூடப்போகும் ஆபத்தை ஈடுசெய்ய எத்தனை இளம்பெண்களைக் கூடுதலாகப் படிக்கவைக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். 2050க்குள் 1.8 கோடி முதல் 2.3 கோடி பேர். ஆண்டுக்கு 1,200 கோடி முதல் 1,500 கோடி டாலர் செலவு. புயலுக்கான செலவுப் பட்டியலில் பள்ளிக்கூடம் இடம்பெற்ற அரிய தருணம் இது. ஆனால் இது தகவமைப்பா வளர்ச்சியா என்ற கேள்வியை அந்த ஆய்வே மறுபடியும் கிளப்பிவிட்டது.

எந்தக் காலநிலைக்குத் தகவமைக்க வேண்டும் என்பதே தெரியாதபோது செலவை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

வெப்பம் கூடும் என்பதில் காலநிலையைக் கணிக்கும் எல்லாக் கணினி மாதிரிகளும் ஒத்துப்போகின்றன. மழையில் ஒத்துப்போவதில்லை, ஒரே நாட்டுக்கு ஒரு மாதிரி கூடுதல் மழையையும் இன்னொன்று குறைவான மழையையும் சொல்வது வழக்கம். உலக வங்கி ஆய்வு அமெரிக்க மாதிரி ஒன்றையும் ஆஸ்திரேலிய மாதிரி ஒன்றையும் எடுத்துக்கொண்டது. முன்னது ஈரமிக்க வருங்காலத்தைக் காட்டியது, பின்னது வறண்ட வருங்காலத்தை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே செலவு கணக்கிடப்பட்டது.

இதில் ஒளிந்திருக்கும் அனுமானம் முக்கியமானது. ஒவ்வொரு கணக்கிலும், வருவது இந்தக் காலநிலைதான் என்று திட்டமிடுபவருக்கு உறுதியாகத் தெரியும் என்று வைத்துக்கொள்ளப்படுகிறது. உண்மையில் நீர்ப்பாசனப் பொறியாளருக்கு அது தெரியாது. அவர் வெள்ளத்துக்கும் தயாராக வேண்டும், வறட்சிக்கும் தயாராக வேண்டும்; வடிகாலையும் அகலப்படுத்த வேண்டும், நீர்த்தேக்கத்தையும் ஆழப்படுத்த வேண்டும். தெரியாமையின் விலை எனப்படும் இந்தக் கூடுதல் தொகை பெரும்பாலான உலக மதிப்பீடுகளில் இடம்பெறுவதில்லை. அந்த வகையில் அவை செலவைக் குறைத்தே காட்டுகின்றன.

சில நாடுகளுக்குக் காலநிலை மாற்றத்தால் நன்மையும் உண்டே, அதைக் கழிக்க மாட்டார்களா?

கழித்தால் நிகரத் தொகை, கழிக்காவிட்டால் மொத்தத் தொகை. இரண்டையும் வெளியிடுவது நேர்மையான வழக்கம். மழை கூடும் நாட்டில் நீர்ப்பாசனச் செலவு மிச்சமாகலாம். ஒரே நாட்டுக்குள் அந்த மிச்சத்தைச் சாலைச் செலவுக்குத் திருப்பிவிடலாம் என்று வாதிக்க இடமுண்டு. ஆனால் ஒரு நாட்டில் கூடுதலாகப் பெய்த மழை, இன்னொரு கண்டத்தில் காய்ந்த வயலுக்கு ஈடாகாது. உலக வங்கி ஆய்வின் 7,000 கோடிக்கும் 10,000 கோடிக்கும் இடையிலான இடைவெளியில் ஒரு பங்கு இந்தக் கழித்தல் முறையால் வந்தது.

வங்கதேசத்தின் கணக்கை ஓர் எடுத்துக்காட்டாகக் காட்ட முடியுமா?

1970இல் வீசிய போலா புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். 1991 புயலில் இறந்தோர் சுமார் 1,38,000 பேர். 2007இல் சிதர் புயல் வீசியபோது இறந்தோர் தொகை ஏறத்தாழ 3,400. புயலின் சீற்றம் குறைந்ததால் எண்ணிக்கை குறைந்துவிடவில்லை. இடைப்பட்ட காலத்தில் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டப்பட்டன, கடலோர மண்கரைகள் எழுந்தன, எச்சரிக்கைச் செய்தியை வீடு வீடாகக் கொண்டுசேர்க்கும் தொண்டர் படை உருவானது. இவ்வளவுக்கும் ஆன செலவு காலநிலைத் தகவமைப்புச் செலவாக எங்கும் பதிவாகாது. ஏனெனில் புயல் அந்த நாட்டுக்குப் புதிதன்று.

உலக வங்கி ஆய்வு இந்த ஏற்பாடுகள் எல்லாம் ஏற்கெனவே உள்ளன என்ற இடத்திலிருந்து தொடங்கி, 2050க்குள் உயரப்போகும் புயல் அலைகளுக்காக மட்டும் எவ்வளவு கூடுதலாகும் என்று பார்த்தது. முதலீடாக 240 கோடி டாலர், அதன்பின் ஆண்டுக்கு 5 கோடி டாலர் பராமரிப்பு. சாலைகளை உயர்த்துவது, வடிகால் வழிகளைச் சீரமைப்பது என்று உள்நாட்டு வெள்ளத்துக்குத் தனியாக சுமார் 270 கோடி டாலரும் ஆண்டுக்கு 5.4 கோடி டாலரும்.

கரை என்பது கட்டி முடித்ததும் முடிந்துபோகும் செலவன்று என்பதையும் வங்கதேசமே காட்டியிருக்கிறது. 1960களிலிருந்து எழுந்த வளையக் கரைகளான போல்டர்கள் உப்புநீரைத் தடுத்தன. கூடவே ஆற்று வண்டல் வயலில் பரவுவதையும் தடுத்தன. வண்டல் ஆற்றுப் படுகையிலேயே படிந்து படுகை உயர்ந்தது. கரைக்குள் பெய்த மழைநீர் வெளியேற வழியின்றித் தேங்கியது. 1990இல் தென்மேற்கிலுள்ள பில் டாகாட்டியாவில் மக்களே கரையை வெட்டிவிட்டார்கள். தேங்கிய நீரில் அழுகிய பயிருக்கு எந்த மதிப்பீட்டுத் தாளிலும் வரிசை கிடையாது.

இந்தியா தன் செலவை எவ்வளவு என்று சொல்கிறது?

காலநிலைக்காகத் தான் செய்யவிருப்பதை ஐ.நா.வுக்குச் சொல்லி இந்தியா 2015இல் தாக்கல் செய்த தேசியப் பங்களிப்பு ஆவணத்தில், தகவமைப்புக்கு 2015 முதல் 2030 வரை 20,600 கோடி டாலர் தேவை என்று குறிப்பிட்டது. 2023 டிசம்பரில் ஐ.நா.வுக்கு அனுப்பிய முதல் தகவமைப்பு அறிக்கையின் கணக்கு வேறு. தகவமைப்புக்குத் தொடர்புடைய செலவு 2015–16இல் உள்நாட்டு மொத்த உற்பத்தியில் 3.7 விழுக்காடாக இருந்து, 2021–22இல் 5.6 விழுக்காடாக உயர்ந்துள்ளது என்றது. 2030 வரை வழக்கமான போக்கில் 56.68 லட்சம் கோடி ரூபாயும், காலநிலைச் சேதங்களால் மேலும் 15.5 லட்சம் கோடி ரூபாயும் ஆகும் என்று மதிப்பிட்டது.

அந்த 5.6 விழுக்காட்டைச் சற்று நின்று பார்க்கலாம். அது சுமார் 13 லட்சம் கோடி ரூபாய். அன்றைய மாற்று மதிப்பில் ஏறத்தாழ 17,500 கோடி டாலர். எல்லா வளரும் நாடுகளுக்கும் சேர்த்து ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் மாதிரிக் கணக்கு தந்தது 21,500 கோடி டாலர். ஒரே நாடு ஓராண்டில் ஏற்கெனவே செலவிடுவது, உலகத் தேவையாகச் சொல்லப்படுவதில் ஐந்தில் நான்கு பங்கா? முரண்பாடு போலத் தோன்றினாலும் முரண்பாடு இல்லை. முன்னது, மக்களின் தாங்குதிறனை உயர்த்தும் வளர்ச்சிச் செலவுகளையும் பரந்த பொருளில் எண்ணுகிறது. பின்னது, காலநிலையால் வந்த கூடுதலை மட்டும் எண்ண முயல்கிறது. இவ்விரு எண்களையும் ஒரே வரைபடத்தில் அருகருகே நிறுத்துபவர்களைக் கண்டால் விலகிச் செல்வது நல்லது.

நாடுகள் தாமே தரும் எண்களை நம்பலாமா?

நிதி கேட்கும் ஆவணம் என்பதால் கூட்டிச் சொல்லும் தூண்டுதல் உண்டு. ஆனால் கணக்கிடும் ஆட்களும் தரவுகளும் இல்லாததால் குறைத்துச் சொல்வதும் உண்டு. எல்லா நாடுகளும் தொகையைக் குறிப்பிடுவதில்லை; குறிப்பிட்ட நாடுகளின் எண்ணைக் கொண்டு மற்றவற்றின் தேவை நீட்டிக் கணக்கிடப்படுகிறது. மாதிரிகள் தரும் எண்ணைவிட நாடுகள் தரும் எண் 2023 அறிக்கையில் கிட்டத்தட்ட 80 விழுக்காடு அதிகம். களத்தில் இருப்பவர்கள் பற்றாக்குறையையும் சேர்த்து எண்ணுவது அதற்கு ஒரு காரணம் என்பதே என் கணிப்பு.

பெரும்பாலான மதிப்பீடுகளில் விடுபடுபவை எவை?

சூழலமைப்புகள்தான் முதலில் விடுபடும். சதுப்புநிலக் காட்டுக்கும் பவளப்பாறைக்கும் சந்தை விலை இல்லை. 2007ஆம் ஆண்டு மதிப்பீட்டில் உடல்நலம் என்ற தலைப்பின் கீழ் ஊட்டச்சத்துக் குறைவு, மலேரியா, வயிற்றுப்போக்கு ஆகிய மூன்று மட்டுமே இருந்தன. வெப்பத் தாக்கத்தால் வேலை செய்ய இயலாமல் போகும் உடலுழைப்பாளரின் கூலி இழப்பு இல்லை. உற்பத்தித் தொழில், சில்லறை வணிகம், சுற்றுலா ஆகியவையும் அதில் சேர்க்கப்படவில்லை. குடும்பங்கள் தாமே செய்துகொள்ளும் செலவு ஏறக்குறைய எந்தக் கணக்கிலும் இல்லை. வீட்டின் தரைமட்டத்தை உயர்த்துவதும், கிணற்றை இன்னும் பத்தடி ஆழப்படுத்துவதும், பயிர் பொய்த்தபின் நகரத்துக்குக் குடிபெயர்வதும் தகவமைப்புதான். ரசீது மட்டும் இல்லை.

வருங்காலச் செலவை இன்றைய மதிப்புக்கு மாற்றுவதில் என்ன சிக்கல்?

வருங்காலத் தொகையை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர ஆண்டுதோறும் கழிக்கும் விழுக்காடான தள்ளுபடி வீதத்தில்தான் சிக்கல். 50 ஆண்டுக்குப் பின் நேரும் 100 ரூபாய்ச் சேதத்தை ஆண்டுக்கு 1.4 விழுக்காடு வீதத்தில் கழித்தால் இன்றைய மதிப்பு 50 ரூபாய்; 5 விழுக்காட்டில் கழித்தால் 9 ரூபாய்க்கும் குறைவு. கரை கட்டும் செலவு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாக இருந்தால், முதல் வீதத்தில் இன்றே கட்டுவது இலாபம், இரண்டாம் வீதத்தில் நட்டம். ஸ்டெர்ன் அறிக்கை ஏறத்தாழ 1.4ஐப் பயன்படுத்தியது, அதை விமர்சித்த பொருளியலாளர்கள் பலர் அதைவிடப் பல மடங்கு உயர்ந்த வீதத்தை ஆதரித்தார்கள்.

உமிழ்வைக் குறைத்தால் இந்தச் செலவு குறையுமா?

குறையும், ஆனால் உடனே அன்று. உமிழ்வைக் குறைக்கும் பாதைக்கும் குறைக்காத பாதைக்கும் இடையே வெப்பத்தில் தெளிவான வேறுபாடு தெரிய ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகும். 2050க்குப் பிறகு உமிழ்வுப் பாதையைப் பொறுத்துச் செலவுகள் வெகுவாகப் பிரியும். கடல்மட்டம் மட்டும் விதிவிலக்கு. வெப்பம் நின்றபின்னும் அது நூற்றாண்டுக் கணக்கில் உயர்ந்துகொண்டிருக்கும்.

தேவைக்கும் கிடைப்பதற்கும் இடையே எவ்வளவு தூரம்?

வளர்ந்த நாடுகளிலிருந்து வளரும் நாடுகளுக்குத் தகவமைப்புக்காகச் சென்ற பொது நிதி 2021இல் சுமார் 2,100 கோடி டாலர், 2022இல் சுமார் 2,800 கோடி, 2023இல் சுமார் 2,600 கோடி. 2035க்கான தேவை இதைப்போல் 12 முதல் 14 மடங்கு என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2025 அறிக்கை சொல்கிறது. இப்படிச் சென்ற நிதியில் கணிசமான பங்கு கடன். முன்னெச்சரிக்கை அமைப்பு உயிரைக் காக்கும். ஆனால் அது வருவாய் ஈட்டித் தராது. அதைக் கடனில் அமைக்கும் நாடு, தான் பெரிதும் காரணமாகாத ஒரு பாதிப்புக்கு வட்டியும் கட்டுகிறது. உள்நாட்டு அரசுகளும் குடும்பங்களும் செய்யும் செலவு இந்த எண்களில் சேராது என்பதையும் கவனிக்க வேண்டும்.

சர்வதேச மாநாடுகள் அறிவிக்கும் தொகைகள் இந்தக் கணக்குகளிலிருந்து வருபவையா?

இல்லை. 2009இல் கோபன்ஹேகனில் வாக்களிக்கப்பட்ட ஆண்டுக்கு 10,000 கோடி டாலர், பேச்சுவார்த்தை மேசையில் உருவான அரசியல் எண். தணிப்புக்கும் தகவமைப்புக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டது. 2020க்குள் எட்ட வேண்டியது 2022இல்தான் எட்டப்பட்டது. 2024இல் அசர்பைஜானின் பாகுவில் நடந்த காலநிலை மாநாட்டில் அது 2035க்குள் 30,000 கோடி டாலர் என்று உயர்த்தப்பட்டது. அதிலும் இரண்டும் சேர்ந்தே உள்ளன. தகவமைப்புக்கு மட்டும் தேவைப்படும் தொகையே அதைத் தாண்டுகிறது என்பதை மேலே கண்டோம்.

தகவமைப்புக்கென்று தனியாக வந்த வாக்குறுதி 2021இல் கிளாஸ்கோவில் வந்தது: 2019 அளவை 2025க்குள் இரட்டிப்பாக்குவது, அதாவது சுமார் 4,000 கோடி டாலர். 2025 நவம்பரில் பிரேசிலின் பெலெமில் நடந்த மாநாடு, 2035க்குள் தகவமைப்பு நிதியைக் குறைந்தது மூன்று மடங்காக்க முயலுமாறு அழைத்தது. எந்த ஆண்டின் தொகையை மூன்றால் பெருக்குவது என்பது அந்த வாசகத்தில் தெளிவாக இல்லை. கிளாஸ்கோ இலக்கை அடிப்படையாகக் கொண்டால் விடை 12,000 கோடி டாலர். 2023இல் உண்மையில் சென்ற 2,600 கோடியை அடிப்படையாகக் கொண்டால் விடை 7,800 கோடி டாலர்.